பாதியில் திரும்பிய ஜீப்

மெர்கோங்கில் எங்கள் தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் மூலை வீடு காளிதாசன் அண்ணனுடையது. அலோர் ஸ்டாரில் இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். என் பிள்ளைகள் இருவரும் அவருடைய வேனில்தான் போய் வந்தார்கள். மற்ற வேன்காரர்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கடையில் பசியாற உட்கார்ந்துவிட்ட பிறகுதான் இவருடைய வேன் பள்ளி முனையில் திரும்பும். மழை பெய்தால் இன்னும் மெதுவாக வரும். பிள்ளைகள் அதற்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டார். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு பிள்ளைக்குக்கூடச் சிராய்ப்பு ஏற்பட்டதில்லை என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை இருந்தது.

அவர் மனைவி குணவதி அக்கா. கூலிம் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, பதினாறு வயதில் பால்மரம் வெட்டப் போய், கல்யாணமாகி இங்கே வந்த பிறகு ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்தவர். ஒரே மகள் உமாராணி. ஜொகூரில் வேலை, குடும்பம் எல்லாம் அங்கேயே. அக்கா தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனால்கூட, "நீங்களே ஒண்ணு எடுங்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுக் கடைவாசலில் நின்றுகொள்வார்.

ஐம்பத்தைந்து வயதில் சர்க்கரை வியாதி அக்காவின் சிறுநீரகங்களைக் கெடுத்துவிட்டது. அதன் பிறகு வாரம் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி காலையில் டயாலிசிஸ். அதற்கான ஊசி குத்துவதற்காக இடது முன்கையில் இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாக இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ஒரு வண்டு சுழல்வதுபோல் அதிரும். அந்த அதிர்வு நின்றுபோனால் ஆபத்து என்று தாதி சொல்லியிருந்தார். அந்தக் கையில் அடிபடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். இளநீர் கூடவே கூடாது.

காளிதாசன் அண்ணன் அதோடு வேன் ஓட்டுவதை விட்டுவிட்டார். காலையில் எழுந்ததும் அக்காவின் கையைத் தொட்டு அதிர்வைப் பார்ப்பார். சாப்பிடும் முன் ஒருமுறை, தூங்கும் முன் ஒருமுறை. அவர் இல்லாத நேரத்தில் அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வார், "எம்மூஞ்சியப் பாத்து ரெண்டு வருசமாச்சு. கையத்தான் பாக்குறாரு."

டயாலிசிஸ் நிலையத்தில் படுக்கைகளுக்கு எதிரே ஒரு டிவி உண்டு. நான்கு மணி நேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். ஒரு வியாழக்கிழமை அதில் சுற்றுலா நிகழ்ச்சி ஓடியது. லங்காவியில் மேல்கூரை இல்லாத ஜீப் ஒன்று காட்டுக்குள் செம்மண் சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறுகிறது. மேட்டின் உச்சிக்கு வந்ததும் சட்டென்று கடல். அங்கிருந்து இறங்கினால், வேறு பாதை இல்லாத ஒரு சின்னக் கடற்கரை. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா காரில் சொன்னார், "ஒரு தடவ அந்த மாதிரி போகணுங்க."

அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. எங்கே என்று கேட்டார். ஜீப்பில், என்றார் அக்கா.

எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் கோலக் கெடா. அங்கே பெர்ரி ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் லங்காவி. ஆனாலும் அக்கா அதுவரை போனதில்லை. அவர் பார்த்த கடலெல்லாம் கருவாடு வாங்கப் போகும் தஞ்சோங் டாவாய்க் கடல்தான். அங்கே படகுத்துறையில் மீன் நாற்றத்துக்கு நடுவே நின்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வருவார். முப்பத்து நான்கு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான் என்று அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். உடனே மகளுக்குப் போன் செய்தார். உமாராணி ஹோட்டலும் ஜீப்பும் ஏற்பாடு செய்தாள். சனிக்கிழமை டயாலிசிஸ் முடித்து, ஞாயிறு காலை பெர்ரி, ஒரு ராத்திரி தங்கல், திங்கள் மாலை வீடு. செவ்வாய் காலை மறுபடியும் டயாலிசிஸ். அதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

போகும் முன் அக்கா ஒரு நிபந்தனை போட்டார். நோயைப் பற்றி ஜீப்காரரிடம் பேசக் கூடாது. சொன்னால் ஏற்ற மாட்டார்கள். அண்ணன் அரைமனதாகத் தலையாட்டினார்.

ஞாயிறு மதியம் இரண்டரை மணிக்கு ஜீப் ஹோட்டல் வாசலுக்கு வந்தது. ஓட்டி வந்தவர் ஈசா. நாற்பது வயதிருக்கும், அலோர் ஸ்டாரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. ஊர்க்காரர்கள் என்று தெரிந்ததும் அண்ணே, அக்கா என்று ஒட்டிக்கொண்டார். பள்ளி விடுமுறை இல்லாத மாதம். வேறு யாரும் பதிந்திருக்கவில்லை. ஜீப்பில் அவர்கள் இரண்டு பேர்தான். வேறு நாலு பேர் இருந்திருந்தால் அன்று நடந்தது நடந்திருக்காது என்று அண்ணன் இன்றும் சொல்வார். மற்றவர்களுக்காகவாவது வண்டி போயிருக்கும்.

உடம்புக்கு ஏதாவது உண்டா, இருதயம், முதுகு, ஆபரேஷன் என்று ஈசா வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். ஒன்றுமில்லை என்றார் அக்கா. சால்வையை இழுத்து இடது கையை மூடிக்கொண்டார்.

தார்ச்சாலை முடிந்து ஜீப் ஒரு ரப்பர்க் காட்டுக்குள் நுழைந்தது. பட்டை வெட்டில் உறைந்து கிடக்கும் கோட்டுப்பாலும், பால் வடியும் கோப்பையும் அக்காவுக்குப் புதிதா என்ன? ஈசா வண்டியை நிறுத்தி, வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லும் விளக்கத்தை ஆரம்பித்தபோது அக்கா அவரை இடைமறித்து, இந்த மரத்தை வெட்டியவன் பட்டையைக் காயப்படுத்தியிருக்கிறான், கைப்பக்குவம் போதாது என்றார்.  பிறகு மூன்று பேரும் சிரித்தார்கள். காசு கொடுத்து ரப்பர் மரம் பார்க்க வந்த ஒரே தோட்டத்துக்காரி நான்தான் என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் மேடு. முந்தின நாள் மழையில் பாதை குழைந்து கிடந்தது. ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சக்கரம் சுற்றி, சேற்றை வாரி இறைத்து, ஒரு உறுமலோடு மேலே பாய்ந்தது. அக்கா கத்தினார். பயத்தில் கத்திய கத்தல் இல்லை. வயசுப் பிள்ளைகள் ராட்டினத்தில் கத்துவார்களே, அப்படி. அந்தச் சத்தத்தை அண்ணன் அதுவரை கேட்டதே இல்லையாம். முகத்தில் சேறு, தலைமுடி அவிழ்ந்து பறக்கிறது, வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் வேகமாப் போங்க தம்பி என்கிறார். அண்ணனோ இரண்டு கையாலும் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடம் ஆமையாக ஓட்டியவர் அவர்.

ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அக்காவின் இடது கை இரும்புக் கம்பியில் மோதியது.

 அவர் சால்வைக்குள் கையைத் தடவிக்கொண்டதை அண்ணன் பார்த்துவிட்டார். வண்டியை நிறுத்தச் சொன்னார். சால்வையை விலக்கிப் பார்த்தால் தையலுக்குச் சற்று மேலே சிவந்து தடித்திருந்தது. விரல் வைத்தார். அதிர்வு இருந்தது. ஒழுங்காகவே இருந்தது. இருந்தாலும் அவர் ஈசாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், டயாலிசிஸ், கை, இரண்டரை வருடம், எல்லாமே.

ஈசாவின் முகம் மாறிவிட்டது. "முன்னாடியே சொல்லியிருக்கணும்லா அண்ணே," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, கஷ்டமான பாதை முடிந்துவிட்டது, இந்த மேட்டைத் தாண்டினால் இறக்கம்தான், கால் மணி நேரத்தில் கடற்கரை, திரும்பினால்தான் இதே பள்ளங்களில் மறுபடியும் இறங்க வேண்டும், மெதுவாகக் கொண்டுபோகிறேன் என்றார். அண்ணன்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

"போலாங்க," என்றார் அக்கா. "வந்துட்டோம். கால் மணி நேரந்தானே."

"கை வீங்குது குணா."

"வீங்கட்டும். நாளான்னிக்கு எப்படியும் ஊசியாலதான் குத்தப் போறாங்க."

"உனக்கு ஒண்ணு ஆனா நா என்ன பண்ணுவேன், இந்தக் காட்டுல?"

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காட்டில் ஏதோ பூச்சி இடைவிடாமல் இரைந்துகொண்டிருந்தது. பிறகு அவர் முன்னால் சாய்ந்து ஈசாவின் தோளைத் தொட்டு, "திருப்புங்க தம்பி," என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அக்கா இருக்கையில் சாய்ந்தே வந்தார். கோபம் என்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஈசா மனசு கேட்காமல் அவர்களை ஊர்ப்பக்கத்துப் பெரிய கடற்கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அங்கே காற்றடைத்த வாழைப்பழப் படகுச் சவாரியும் பாட்டும் கூட்டமுமாக இருந்தது. இருவரும் ஒரு பாயை விரித்து உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தான் ஒருவன். ஒரே ஒரு வாய் குடிக்கட்டுமா என்று அக்கா கேட்டார். அண்ணன் வேண்டாம் என்றார். ஐஸ் கட்டி இரண்டு வாங்கிக் கொடுத்தார். அக்கா அதை வாயில் அடக்கிக்கொண்டு, தண்ணீரில் விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் நனைக்க எழுந்தபோதும், காலில் புண் வந்தால் ஆறாது என்று அண்ணன் செருப்பைக் கழற்ற விடவில்லை.

செவ்வாய்க்கிழமை தாதி கையைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை அங்கிள், லேசான அடிதான் என்றார். சிவப்பு நாலு நாளில் மறைந்தது.

அண்ணனை அறுத்தது அதுதான். கை மோசமாகியிருந்தால், நல்லவேளை திரும்பினோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்த வருடம் கட்டாயம் போகலாம் என்று அவர் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். அக்கா ஒவ்வொரு முறையும், ஆமா போலாம் என்றார். 

அடுத்த வருடம் பிறந்தது, போக வாய்க்கவில்லை. பிப்ரவரியில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டு, பிறகு ரத்தத்தில் கிருமி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். பத்தாம் நாள் விடியும் வேளையில் இருதயம் நின்றுவிட்டது. அஸ்தியைத் தஞ்சோங் டாவாயில்தான் கரைத்தார்கள். படகில் அண்ணன், உமாராணி, அவள் கணவர், நான். அண்ணன் அழவில்லை. மண்பானை கையை விட்டுப் போன பிறகும் விரல்களை விரித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

கருமாதி முடிந்து உமாராணி ஜொகூர் திரும்பியதும், அக்கா டயாலிசிஸுக்குக் கொண்டுபோகும் கம்பளிகளை எடுத்துக்கொண்டு அண்ணன் அந்த நிலையத்துக்குப் போனார். அங்கே எப்போதும் குளிரும். வேறு யாருக்காவது உதவட்டும் என்று நினைத்தார். தாதிகளுக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பும்போது ஜன்னலோரப் படுக்கையிலிருந்து ஜரீனா கூப்பிட்டார். அக்காவுக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர், ஐம்பது வயது, கணவர் துணிக்கடை வைத்திருக்கிறார். ஏறக்குறைய மூன்று வருடம் அந்த இருவரும் ஒரே நேரத்தில் ரத்தம் ஓடவிட்டுப் பேசிக்கொண்டு கிடந்தவர்கள்.

ஜரீனா கொஞ்ச நேரம் அழுதார். பிறகு லங்காவிப் பேச்சை எடுத்தார். அந்த ஜீப் கதையை அக்கா எத்தனை தடவை சொல்லியிருப்பார், கேட்கக் கேட்க அலுக்காது என்றார். மேட்டு உச்சியில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல் தெரிந்ததாம். கீழே இறங்கினால் மணலில் ஒரு காலடித்தடம் இல்லையாம். அண்ணன் கால்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டிவிட்டு, அக்காவின் செருப்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, முழங்கால் நனையும்வரை கூட்டிப் போனாராம். இளநீர் வெட்டித் தந்து, டாக்டரிடம் சொல்லாதே, ஒரு வாய் குடி என்று அவரே வாயருகே பிடித்தாராம்.

"எதுக்குமே வேண்டாம்னு சொல்லல, அப்படி ஒரு மனுசன்னு சொல்லுவாங்க," என்றார் ஜரீனா. "உண்மையா அண்ணே, அந்த எடத்துல ஒருத்தருமே இல்லியா?"

அண்ணன் படுக்கையின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தரும் இல்லம்மா," என்றார். "நாங்க ரெண்டு பேருதான்."

வெளியே வந்து காரில் ஏறியவர் ஒரு மணி நேரம் சாவியைத் திருகவில்லை.

அன்று மாலை என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து இதையெல்லாம் முதன்முதலாகச் சொன்னார். அதுவரை அவர்கள் மேடு தாண்டிக் கடற்கரைக்குப் போனதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். அக்கா எதற்காக அப்படிச் சொன்னார் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்றா, இல்லை அவளுக்கு அவ்வளவு ஆசையா?  உமாராணியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மகளிடம் பேசினார். அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. லங்காவியிலிருந்து திரும்பிய வாரமே அம்மா போனில் சொல்லிவிட்டாராம். உமாராணி தயங்கித் தயங்கிச் சொன்னதை அண்ணன் அப்படியே என்னிடம் ஒப்பித்தார்: "அம்மா சொன்னாங்கப்பா, உங்கப்பா கையி வெடவெடன்னு நடுங்குச்சி, என் வாழ்க்கையில அந்த மனுசன அப்படிப் பாத்ததில்ல, அதான் நானே திருப்பச் சொல்லிட்டேன், எனக்கு அந்தக் கடல் என்ன பெருசுன்னு."

இதைச் சொன்னால் அப்பாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள். அண்ணனோ மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நான் கொண்டுபோன சோறு மூடியபடியே இருந்தது. நோயாளியை அவர் பார்த்துக்கொண்டார் என்றுதான் எல்லோரும் சொன்னோம், அவரும் அப்படித்தான் எண்ணியிருந்தார். அந்தக் காட்டில் அவள்தான் என்னைப் பார்த்துக்கொண்டாள் என்று நாலாம் நாள் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து, ஜரீனாவின் கணவர் சுல்கிப்லியால் கடையை விட்டு வர முடியாத நாட்களில் ஜரீனாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் வேலையை அண்ணன் ஏற்றுக்கொண்டார். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்றார். ஒரு நாள் காரில் வரும்போது ஜரீனா, தானும் அந்த ஜீப்பில் போகக் கேட்டதாகவும், வீட்டுக்காரர் ஒரேயடியாக மறுத்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாராம்.

அன்றே அண்ணன் சுல்கிப்லியின் கடைக்குப் போனார். துணி எடுக்க வந்தவர்கள் போகும்வரை காத்திருந்தார். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், தான் ஜரீனாவிடம் பொய் சொன்னது உட்பட.

"நா பயந்து திருப்பிட்டேன் தம்பி," என்றார். "கை நாலு நாள்ல சரியாப் போச்சி. அவதான் இல்ல. டாக்டர்கிட்ட கேளு, அவரு போகலாம்னு சொன்னா, நீ வேண்டாம்னு சொல்லாத."

சுல்கிப்லி அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். யோசிக்கிறேன் அண்ணே என்று மட்டும் சொன்னார். தன் குடும்ப விஷயத்தில் தலையிடுகிறாரே என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து மூன்றாவது வாரம் அவர்கள் போனார்கள். டாக்டர் சம்மதித்திருந்தார். ஜரீனாவின் கையில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். அண்ணன் ஈசாவுக்கு முன்கூட்டியே போன் செய்து எல்லாம் சொல்லிவைத்திருந்தார். ஈசா அக்காவை விசாரித்தபோது, அக்கா இறந்துவிட்டதை அண்ணன் சொன்னார். 

கடற்கரையிலிருந்து ஜரீனா ஒரு படம் அனுப்பினார். அண்ணன் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். சாம்பல் நிற மணல், நிறையக் கல். ஓரத்தில் கிழிந்த மீன்வலையும் இரண்டு நெகிழி வாளிகளும். பின்னால் இன்னொரு ஜீப், அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர். நடுவில் ஜரீனா, பாவாடை முழங்கால்வரை நனைந்திருக்க, கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். சுல்கிப்லி அவர் முழங்கையைப் பிடித்திருந்தார்.

அண்ணன் படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தார். அக்கா சொன்ன கடற்கரைபோல் இது இல்லை. டிவியில் வந்ததுபோலவும் இல்லை.  போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"குணா இதப் பாத்திருந்தா, இவ்வளவுதானான்னு கேட்டிருப்பா," என்றார். "கேட்டுட்டு அப்பயும் எறங்கியிருப்பா தண்ணிக்குள்ள."

அதற்குப் பிறகு அவர் அழுதார். அக்கா போன நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெயில் தணிந்து, தாமான் பிள்ளைகள் பந்தோடு தெருவுக்கு வந்த பிறகு எழுந்து முகம் கழுவினார். மறுநாள் செவ்வாய்க்கிழமை, ஜரீனாவை ஆறரை மணிக்கு ஏற்ற வேண்டும், சீக்கிரம் படுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.